அரை அங்குல மகிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலயப் பிரதிஷ்டை, நூற்றாண்டு விழா, மணிக்கூண்டு திறப்பு என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் படத்தில் ஒரு கல்வெட்டு இருக்கும். யாராவது ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு நிற்பார். அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாளையங்கோட்டைப் பக்கம் கல்வெட்டும் கல்லறைக் கல்லும் வெட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. நானும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன்தான்.

கமிட்டியார் கருப்பு கிரானைட் பார்க்க வரும்போதே கையில் ஒரு தாள் இருக்கும். முதல் வரி 'தேவனுக்கே மகிமை'. அப்புறம் பேராயர், சேகர குரு (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர்), செயலர், பொருளாளர். அதற்குக் கீழே உபயதாரர்கள். இடம் போதவில்லை என்றால் எதைச் சின்னதாக்கலாம் என்று கேட்பேன். பெரும்பாலும் முதல் வரியைத்தான் காட்டுவார்கள். ஆகவே தேவனுக்கு அரை அங்குலம், மனிதருக்கு ஒன்றரை அங்குலம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நான். பெயர் கூடினால் எனக்கு லாபம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு சபையில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து தரைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். யார் பெயர் மேலே வருவது என்பதில் தகராறு. ஒருவர் படிப்பில் பெரியவர், மற்றவர் வயதில் பெரியவர். இரண்டு தடவை கல்லை மாற்றி வெட்டினேன். கடைசியில் எந்தக் கல்லும் சுவரில் ஏறவில்லை. இரண்டும் வேதபாட அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன.

இன்னொருவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். கல்லுக்கு வாசகம் சொல்ல வந்தவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். விசா இரண்டு முறை கைவிட்டுப் போனது, அம்மா கம்மலை அடகு வைத்தது, சபை உபவாசம் இருந்து ஜெபித்தது, முன்பின் தெரியாத ஒரு மலையாளி அவரைத் தன் அறையில் சேர்த்துக்கொண்டது, எல்லாம் சொன்னார். "என் சாமர்த்தியம் ஒண்ணுமில்லண்ணே, முழுக்கக் கிருபை" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் தாளைக் கொடுத்தார். அதில் அவர் பெயரும் பட்டமும் கம்பெனியில் அவர் வகிக்கும் பதவியும் இருந்தன. அம்மா இல்லை, சபை இல்லை, மலையாளி இல்லை. அவர் நடிக்கவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் இருந்த கிருபை கல்லுக்கு வருவதற்குள் எப்படியோ வழியில் இறங்கிவிட்டது.

ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டை பீடத்தில் வைக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்." இது தாவீது ராஜாவின் ஜெபம், முதலாம் நாளாகமம் 29-ஆம் அதிகாரம். தேவாலயம் கட்டப் பணம் சேர்த்த சமயத்தில் சொன்னது. அந்த அதிகாரத்தை ஒரு கல்வெட்டுக்காரன் கண்ணோடு படித்துப் பாருங்கள். ராஜா கொடுத்தது எவ்வளவு, பிரபுக்கள் கொடுத்தது எவ்வளவு, பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று கணக்கு சுத்தமாக இருக்கிறது. ராஜாவைத் தவிர கொடுத்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. மற்றபடி அந்தப் பட்டியலில் வருகிற பெயர் யெகியேல் ஒன்றுதான். அவன் இரத்தினக் கற்களை வாங்கிப் பொக்கிஷத்தில் வைத்தவன். அதாவது, கணக்குக்குப் பொறுப்பானவன்! நமக்கு வேண்டியதும் இதுதானே? தொகை தெளிவாக இருக்கட்டும், பொறுப்பாளர் யார் என்று தெரியட்டும். உபயதாரர் பெயர் சேகரப் பதிவேட்டில் இருந்தால் போதாதா?

இதை எங்கள் குருவானவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை என்ன செய்வீர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டியவர்களின் பெயர் அங்கே வரிசையாக இருக்கிறது. ஆனால் அது வேலை செய்தவர்களின் பட்டியல். தட்டார், தைலக்காரர், சல்லூமோடு வேலை செய்த அவன் குமாரத்திகள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஒரு வரியும் உண்டு. சரி, அந்த முறையையே பின்பற்றுவோம். சித்தாள் பெண்கள் பெயரை வெட்டச் சொல்லுங்கள், கூலி வாங்காமல் வெட்டித் தருகிறேன். காண்டிராக்டர் பெயர் வெட்டியிருக்கிறேன். கொத்தனார் பெயரை எழுதிக்கொண்டு எந்தக் கமிட்டியும் இதுவரை வந்ததில்லை.

பெயரை மறைத்துவிட்டால் தாழ்மை வந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. 'பெயர் விரும்பாத அடியேன்' என்று வெட்டச் சொல்லி ஒருவர் வந்தார். அதை எத்தனை அங்குலத்தில் வெட்டலாம் என்று அரைமணி நேரம் யோசித்தார். பிரதிஷ்டை அன்றைக்கு அந்த அடியேன் யார் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உள்ளே இறங்காதவரை பெயர் கல்லில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நம் ஜில்லாவிலேயே டோனாவூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே ஓர் உபயதாரரின் பெயர்தான். கோவில் கட்டப் பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் நினைவாக மிஷனரி ரேனியஸ் ஐயர் வைத்தது. சாயர்புரமும் அப்படித்தான், நிலம் வாங்க உதவிய சாயர் துரையின் பெயர். ஆகவே இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதே டோனாவூரில்தான் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். பணம் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது என்று வைத்திருந்தார். ஓடியாடி வேலை செய்தவர் 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அறையிலேயே கிடந்தார். பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கைக்குப் பிறர் கை தேவைப்பட்டது. 1951-ல் இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அம்மாவைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள். கல்லறைக்கு வாசகம் எழுத வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுண்டு. "அவங்க வெள்ளைக்காரம்மா, நமக்கு ஊர் உலகம் இருக்கே" என்பார்கள்.

சேகர கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள் சின்னது. கல்லில் தேதியும் ஒரு வசனமும் போதும். மீதிப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, வரவு செலவோடு சபையில் வாசித்துவிடுங்கள். முடியவே முடியாது என்றால் முதல் வரியையாவது மற்ற வரிகளின் அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் கூலி வேண்டாம். உங்கள் நிருபர்களுக்கும் ஒன்று: அடுத்த பிரதிஷ்டைச் செய்தியில் திரையை விலக்கியவரோடு சாரத்தில் நின்று பூசியவரையும் விசாரித்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயரைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எப்படியும் எங்கள் சபையில் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டுக் கடைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை