வள்ளியின் மெழுகுக் கட்டி

கொழிஞ்சாம்பாறை,
விஷுவுக்கு மறுநாள்.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தங்கை வள்ளிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான், அக்குள் நெறிக்கட்டிலும் பரவியிருக்கிறது. அவளுக்கு வயது 38. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "இந்த வயதிலேயா?" என்று கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். காப்பிப்பொடிதான் தீர்கிறது.

எடுத்த சதைத்துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சிமிழில் கொடுத்தார்கள். எந்த வகைப் புற்றுநோய் என்று பார்க்க, கோயம்புத்தூரில் ஒரு லேபில் சேர்க்க வேண்டும். கரும்பனையே வாடுகிற வெயில். உருகிவிடுமோ என்று ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினேன். லேப் பெண் சிரித்தாள். அந்த மெழுகு 55 டிகிரிக்கு மேல்தான் உருகுமாம்!

முடிவு வாங்கப் போன அன்று கெஞ்சிக் கேட்டதும் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். செல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம், கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி. சாயம் ஏறிய ஹெர்-2 என்ற புரதம்தான் அந்த வளையமாம். ரிப்போர்ட்டில் 'மூன்று பிளஸ்', அதாவது மிக அதிகம்.

உயிரியல் பாடம் நடத்துகிறவள் சும்மா இருப்பேனா? படித்துப் பார்த்தேன். இந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணு 17ஆம் குரோமோசோமில் நம் எல்லாருக்கும் இருப்பதுதான். செல்லுக்கு இரண்டு பிரதி போதும். அது பல மடங்கு பெருகினால் 'வளர், வளர்' என்ற கட்டளை ஓய்வதேயில்லை. மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு இப்படி. இளவயதில் வருகிறவர்களிடம் கொஞ்சம் கூடுதல். ஈரல், நுரையீரல், மூளை என்று பரவுகிற முரட்டுக் குணமும் உண்டு. பிரதிகள் பெருகினால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இலேயே அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் எழுதிவிட்டார்கள்.

அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர், "டீச்சரே, பாதியில் நிறுத்திவிட்டீர்களே" என்றார். அந்த வளையத்தையே குறிபார்த்துப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இலேயே வந்துவிட்டது. 2014 முதல் இந்தியாவிலும் தயாரிக்கிறார்கள். விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் நகை ஒன்று போயிற்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீதம் ஒரு வருடம் மருந்து ஏற்ற வேண்டும். இதயத்தைச் சோர வைக்கும் என்பதால் இடையிடையே எக்கோ என்ற இதய ஸ்கேன். ரிப்போர்ட் ஆங்கிலத்தில், உதவித்தொகை விண்ணப்பம் மலையாளத்தில், அம்மாவின் புலம்பல் தமிழில்.

கிணறு வற்றிவிட்டது, வேறு விசேஷமில்லை. அடுத்த மாதம் வா. நம் கணக்கு வாத்தியார் மாதிரி நடித்துக் காட்டுவாயே, வள்ளிக்கு அதைச் செய்து காட்டு. வயதை மட்டும் கேட்டுவிடாதே.

உன்,
கோமதி