அடைக்கோழிக்குத் துணை நின்றவர்களுக்கு

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும், கால்நடை மருத்துவர் ஐயாவுக்கும், முட்டை தந்த நண்பருக்கும், கூண்டு செய்து கொடுத்த தம்பிக்கும் வணக்கம்.

எங்கள் சிவப்புக் கோழி இன்று காலை ஏழு குஞ்சுகளுடன் கூட்டை விட்டு இறங்கி வந்தது. இந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு முன்பு அதற்கு நோய் வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். முட்டையே இல்லாத கூட்டில் நாள் முழுக்கப் படுத்திருந்தது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. தீனி குறைந்து, கொண்டை வெளுத்திருந்தது. குளிர்ந்த நீரில் முக்கி எடுக்கச் சிலர் சொன்னார்கள். வாளியை நிரப்பியும் வைத்துவிட்டேன். மருத்துவர் ஐயா, அன்று நீங்கள் தொலைபேசியை எடுத்திருக்காவிட்டால் அந்தப் பாவத்தைச் செய்திருப்பேன். புரோலாக்டின் என்னும் சுரப்பு கூடி, முட்டையிடுவதை நிறுத்தி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, நோயன்று என்று பொறுமையாக விளக்கினீர்கள். அடைக்கோழி மண்குளியலுக்கு அதிகம் போகாது, பேன் பற்றும், சிறகடியில் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன், இருந்தது. நீங்கள் சொன்ன மருந்தில் போய்விட்டது.

பெரியம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்களிடம் சேவல் இல்லை, எங்கள் முட்டைகளை வைத்தால் கூமுட்டைதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நண்பர் பத்து முட்டைகளை அலுங்காமல் கொண்டுவந்து தந்தார். இருட்டிய பிறகு கோழியைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்தோம். பகலில் மாற்றினால் பழைய கூட்டுக்கே ஓடிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டைக்குள் சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகளைக் காட்டினீர்களே, அதை மறக்க முடியாது. இரண்டு முட்டைகளில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை, அவற்றை எடுத்துவிட்டோம்.

ஒருநாள் தீனிக்கு இறங்கிய கோழி அரைமணி நேரமாகியும் திரும்பவில்லை. நான் பதறினேன். நீங்களோ முட்டையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் சூடு இருக்கிறது, விடு, வரும் என்றீர்கள். வந்தது. இருபத்தோராம் நாள் ஒரு குஞ்சு ஓட்டில் சிறு துளையிட்டு வெகுநேரம் அப்படியே கிடந்தபோது, உரிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உள்ளே நரம்பில் இரத்தம் இன்னும் ஓடும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போக வேண்டும் என்றீர்கள். மறுநாள் விடியும் முன் அதுவே வெளியே வந்தது. ஒரு முட்டை மட்டும் பொரிக்கவில்லை.

இதற்கிடையில் கறுப்புக் கோழியும் அடைக்கு உட்கார்ந்தது. அதற்கு வைக்க முட்டையும் இல்லை, இடமும் இல்லை. தம்பி, அடையைக் கலைக்க அதை நீ செய்து தந்த கம்பித்தரைக் கூண்டில் விட்டு, கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி நிழலில் வைத்தோம். வயிற்றுக்கு அடியில் காற்று பட்டுச் சூடு தணிந்தது. தீனியும் தண்ணீரும் உள்ளேயே இருந்தன. நான்காம் நாள் திறந்துவிட்டதும் மற்ற கோழிகளோடு மேயப் போய்விட்டது. நேற்று முன்தினம் மறுபடி முட்டையிட்டது.

நண்பரே, எது பெட்டை, எது சேவல் என்று தெரிந்ததும் இரண்டு பெட்டைகள் உங்கள் வீட்டுக்கு வரும். பெரியம்மா, மாலையில் வாருங்கள். நீங்கள் வரும்போதுதான் குஞ்சுகளுக்குத் தீனி வைக்கப் போகிறேன்.

மிக்க நன்றியுடன்,
சிவப்புக் கோழியின் வீட்டிலிருந்து