எங்கள் ஊர்ப் பாட்டுக்கு இனி யார் காது கொடுப்பார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் திரையிசை பற்றி வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள் நான். இந்தக் கடிதம் சினிமாவுக்கு வெளியே இருக்கிற பாட்டுகளைப் பற்றியது. இங்கிலாந்தில் பிபிசியின் உள்ளூர் வானொலிகளில், பெரும்பாலும் சனிக்கிழமை இரவுகளில், 'பிபிசி இன்ட்ரொடியூசிங்' என்றொரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நிகழ்ச்சி, தனித்தனி தொகுப்பாளர். 2023இல் அந்த 32 நிகழ்ச்சிகளை 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பகுதி நிகழ்ச்சியும் பக்கத்துக் கவுண்டிகளோடு (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்ந்து கரைந்துபோயிற்று. நான் படிக்கிற தமிழ் இதழ்களில் அது பற்றி ஒரு வரிகூட வரவில்லை. பிந்தினாலும் பரவாயில்லை, அதற்கு ஒரு பிரியாவிடை சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கேட்டிராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 2007இல் தொடங்கிய ஏற்பாடு இது. பின்னால் எந்தப் பெரிய நிறுவனமும் இல்லாத யாரும் தன் பாட்டைப் பதிவு செய்து பிபிசியின் இணையதளத்தில் ஏற்றலாம். வீட்டின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், அந்தப் பகுதி வானொலியின் குழுவிடம் பாட்டு போய்ச் சேரும். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து அதைக் கேட்பார். பிடித்திருந்தால் வானொலியில் போடுவார். சிபாரிசு வேண்டாம், முகவர் வேண்டாம், பணமும் வேண்டாம். எழுதியவர் உரிமைத்தொகைச் சங்கத்தில் பதிந்திருந்தால், ஒலிபரப்பானதற்குச் சிறு தொகைகூட வரும்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பாடகர் எட் ஷீரனைச் சொல்வார்கள். அவர் சஃபோக்கிலிருந்து வந்தவர். அங்குள்ள உள்ளூர் நிகழ்ச்சிதான் அவரை முதலில் போட்டவற்றில் ஒன்று. இல்லாவிட்டால் ஜேக் பக்கைச் சொல்வார்கள். நாட்டிங்காமின் கிளிஃப்டன் பகுதியைச் சேர்ந்த அந்தப் பையன் உள்ளூர் நிகழ்ச்சியின் ஆதரவோடு 2011இல் கிளாஸ்டன்பரி என்ற பெரிய இசை விழாவின் இன்ட்ரொடியூசிங் மேடையில் பாடியபோது வயது 17. அடுத்த ஆண்டு வந்த அவருடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போயிற்று. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் நினைத்துக்கொள்வது பெயர் வாங்காமலே போன மற்றவர்களை. பகலில் மருத்துவமனையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, இரவில் யாரோ ஒருவருடைய கராஜில் கூடி வாசித்தவர்கள். அவர்களுடைய பாட்டு ஒரே ஒரு முறை வானொலியில் வந்திருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் அடுப்படியில் கூடி நின்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சனிக்கிழமை நடந்தது. என் மகனும் அவனுடைய பள்ளித் தோழர்களும் சேர்ந்து போட்ட பாட்டு. தொகுப்பாளர் நாங்கள் இருக்கிற சிறிய ஊரின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். அடுத்த வெள்ளி எந்த பப்பின் பின்னறையில் இவர்கள் வாசிக்கிறார்கள், அங்கே போக எந்த பஸ் என்றும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். அவன் இப்போது கணக்காளர். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

இந்த வகை வானொலிக்கு இந்த நாட்டில் ஒரு பரம்பரை உண்டு. ஜான் பீல் என்ற தொகுப்பாளர் 1967 முதல் 2004 வரை பிபிசி ரேடியோ 1இல், பெரிய நிறுவனங்கள் சீண்டாத குழுக்களைத் தேடித் தேடிப் போட்டார். வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பையன்களின் இசைத்தட்டு ஒன்று பிடித்துப்போய், 1978இல் அதை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அந்தக் குழுதான் அண்டர்டோன்ஸ். 2004 அக்டோபரில், பெரு நாட்டின் குஸ்கோ நகரில் விடுமுறையில் இருந்தபோது மாரடைப்பு வந்து 65 வயதில் போய்விட்டார். மறு வருடமே கிளாஸ்டன்பரியில் புதிய குழுக்களுக்கான கூடாரத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். உள்ளூர் நிகழ்ச்சிகளை வெட்டிய அதே 2023இல் அந்த மேடையின் பெயரும் மாறிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தெரியும். இருந்தாலும் இரண்டும் ஒரே வருடத்தில் வந்தபோது மனம் கனத்தது.

பிபிசி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தான் செய்தது. தொலைக்காட்சிக்காக வீடுகள் ஆண்டுதோறும் கட்டுகிற, பிபிசிக்குப் போகிற உரிமக் கட்டணத்தை 159 பவுண்டிலேயே அரசு இரண்டு ஆண்டுகள் நிறுத்தி வைத்தது, விலைவாசி ஏறியது, கேட்பவர்கள் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆகவே பணத்தை இணையத்துக்குத் திருப்புகிறோம் என்றார்கள். பணமில்லை என்பது பொய்யில்லை. ஆனால் வெட்டிய இடம் தவறு. 39 உள்ளூர் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் வார நாட்களில் மதியம் 2 மணிக்குப் பிறகு பக்கத்து நிலையங்களோடு பகிர்ந்துகொள்ளும் நிகழ்ச்சிகள், இரவு 10 மணிக்கு மேல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்று ஏற்பாடு ஆனது. பத்திரிகையாளர் சங்கத்தினர் 2023 மார்ச் 15 அன்று வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜூனிலும் செய்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

மூன்று நான்கு கவுண்டிகளுக்கு ஒரே நிகழ்ச்சி என்றால் என்ன ஆகும்? பாட்டு வருவது குறையாது, போடுகிற நேரம்தான் குறையும். அப்புறம், எழுபது மைலுக்கு அப்பால் இருக்கிற தொகுப்பாளருக்கு எங்கள் ஊர் பப்பின் பின்னறை எப்படித் தெரியும்? அவரைக் குற்றம் சொல்லவே முடியாது, அவர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். அந்தப் பின்னறைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 என்ற ஒரே ஆண்டில் பிரிட்டனில் 125 சிறிய இசை அரங்குகள் மூடப்பட்டன, அல்லது நேரடி இசையை நிறுத்திக்கொண்டன என்று அந்த அரங்குகளுக்காகப் பாடுபடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு சொல்கிறது. வாசிக்க இடமும் இல்லை, கேட்கக் காதும் இல்லை என்றால், பதினாறு வயதுப் பிள்ளை கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் அதை முழுதாகக் கேட்டுவிட்டு, 'இரண்டாவது சரணம் நன்றாக இருக்கிறது, அடுத்ததை அனுப்பு' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். தமிழ்நாட்டுத் திரைப்பாடல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், எங்கள் கவிஞர்கள் எழுதி எங்கள் ஆட்கள் இசையமைத்துப் பாடிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கும் இலங்கை வானொலி நேரம் ஒதுக்கியது. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் பாடகராகவும் ஒலிபரப்பாளராகவும் நின்று அந்தப் பாடல்களை வளர்த்தார்கள். அந்த நேரத்தை வானொலி ஒதுக்காமல் இருந்திருந்தால் அவற்றில் பாதியை நாங்கள் கேட்டே இருக்க மாட்டோம். பிபிசியின் உள்ளூர் நிகழ்ச்சி என் மனதுக்கு இவ்வளவு நெருக்கமாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவர உங்களாலோ என்னாலோ முடியாது. ஆனால் இங்கே தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ராப் பாடுகிறார்கள், பறையோடு கிட்டாரைச் சேர்க்கிறார்கள், வீட்டு அறையிலேயே பதிவு செய்கிறார்கள். நான் கேட்கிற தமிழ் வானொலிகளில் திரைப்பாடலுக்கு நடுவே இவர்களுக்கு இடம் கிடைப்பது மிகக் குறைவு. வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அந்த வானொலிகளுக்கும் தனியே எழுதப்போகிறேன். உங்களிடம் கேட்பது மாதம் அரைப் பக்கம். வந்த பாட்டுகளை ஒருவர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு, இரண்டைப் பற்றி நான்கு வரி எழுதினால் போதும். பாராட்டித்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை, கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். அனுப்பத் தயாராக இருக்கிற இரண்டு பேரை எனக்கே தெரியும். பாட்டை எந்த முகவரிக்கு, எந்த வடிவில் அனுப்புவது என்று அடுத்த இதழில் அச்சிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
இங்கிலாந்து