எச்.ஐ.வி. இஷ்டத்துக்கு மாறுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எச்.ஐ.வி. பற்றிய கட்டுரை படித்தேன். நாமக்கல் லாரிக்காரர்களை வம்புக்கு இழுக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி, எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது லாரியில்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் ‘இந்த வைரஸ் தன் எழுத்துகளை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போகும்’ என்று ஒரு வரி வந்ததே, அதைப் படித்துவிட்டு என் வகுப்புப் பெண் ஒருத்தி, “அப்ப மாத்திரை எதுக்குங்க டீச்சர்?” என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வைரஸ் தன் எழுத்துகளைப் படியெடுக்கும்போது பிழை நிறைய விழுகிறது, விழுந்ததைத் திருத்தும் திறன் படியெடுக்கும் அதன் நொதிக்குக் கிடையாது. இதுவரை கட்டுரை சரி. விழுந்த பிழையில் எது நிலைக்கும் என்பது வேறு கேள்வி.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை ஏறத்தாழ 9,200 எழுத்து, ஜீன்கள் ஒன்பதே ஒன்பது. இத்தனை சின்னச் சரக்கை வைத்துக்கொண்டு அது தேவையான புரதமெல்லாம் செய்துகொள்வது ஸ்ப்ளைசிங் என்ற வெட்டி ஒட்டும் வேலையால்தான். கத்திரி அதனுடையதுகூட இல்லை, நம் செல்லுடையது! ஒரே நீள ஆர்.என்.ஏ.வைப் பல விதமாக வெட்டி 40க்கும் மேற்பட்ட வகைப் பிரதிகள் வருகின்றன, ஏறக்குறைய பாதி வெட்டப்படாமலே இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வைரஸுக்குள் போய் உட்காருவது அந்த முழுத் துண்டுதான். எல்லாவற்றையும் வெட்டினாலும் வைரஸ் காலி, எதையும் வெட்டாவிட்டாலும் காலி.

சரி, எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? செல்லின் புரதங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஆர்.என்.ஏ. தன் மேலேயே மடிந்து கிடக்கும் விதமும் பெரிய காரணம். என் தம்பி திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். துணியில் போட்ட மார்க் மடிப்புக்குள் போய்விட்டால் கத்திரி எப்படி அங்கே விழும் என்பான். வைரஸின் டாட் என்ற புரதத்துக்கான பிரதி கிடைக்க ஏ3 என்ற இடத்தில் வெட்டு விழ வேண்டும். ஆராய்ச்சியாளர் சில்வி ரூஸ்கின் குழுவினர் 2020ல் நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான்: செல்லுக்குள் அந்த இடம் எல்லா ஆர்.என்.ஏ.விலும் ஒரே மாதிரி மடிவதில்லை, ஒரு மடிப்பில் ஏ3 ஒளிந்துகொள்கிறது, இன்னொன்றில் வெளியே தெரிகிறது, இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதைப் பொறுத்து வெட்டின் அளவும் மாறுகிறது.

இப்போது அந்த ‘இஷ்டத்துக்கு’ வருகிறேன். ஓர் எழுத்து மாறினாலும் புரதத்தில் அதே அமினோ அமிலம்தான் வருகிறது என்றால், ஒன்றும் ஆகாது என்று சொல்லி நாங்களும் வகுப்பில் கடந்துவிடுகிறோம். எச்.ஐ.வி.யில் அந்த எழுத்து ஒரு மடிப்பில் ஜோடி சேர்ந்து நிற்கும் எழுத்தாக இருந்துவிட்டால் ஜோடி பிரிந்து, மடிப்பு தளர்ந்து, வெட்டின் கணக்கே குழம்பிப் போகலாம். அப்புறம் எதிர்ப்பக்க எழுத்தும் பொருத்தமாக மாறினால்தான் பழையபடி நிற்கும். புரதமும் கெடக்கூடாது, மடிப்பும் கெடக்கூடாது, இரண்டு முதலாளியிடம் வேலை பார்ப்பவன் பாடுதான்.

மாறாது என்று நான் சொல்லவில்லை. மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத வைரஸ் தலையெடுக்கும், அது உண்மை. தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் வைரஸ் படியெடுப்பதே நின்றுபோகும் அளவுக்குக் குறைகிறது, படியெடுக்காதபோது பிழை எங்கிருந்து வரும்? அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன்.

உங்கள் கட்டுரையை நறுக்கி வகுப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வரிமேல் மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. நீங்கள் திருத்தம் போட்டால் அதையும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்.

– பிளஸ் டூ உயிரியல் ஆசிரியை, பெருந்துறை