தம்பியின் மனுவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் தம்பி, தன்னை அடைத்துவைத்திருப்பது சட்டப்படி சரியல்ல என்று ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனு போட்டிருந்தான். அதில் சாட்சியை நேரில் விசாரிக்க அமெரிக்காவின் பெடரல் (மத்திய) மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மனுக்களில் பெரும்பாலானவை காகிதத்தோடு முடிந்துபோகும். இந்த மனுக்களுக்குக் கடிவாளம் போட்ட 1996 சட்டம் வந்த பிறகு, மாநில நீதிமன்றம் தவறு செய்தது என்று காட்டினால் மட்டும் போதாது. நியாயமான எந்த நீதிபதியும் செய்யாத தவறு என்று காட்ட வேண்டும். அந்த வாசலைத் தாண்டியிருக்கிறோம்.

முதல் நன்றி மளிகைக் கடை அண்ணனுக்கு. சம்பவ நேரத்தில் தம்பி தன் கடையில் நின்றான் என்று அன்றே சொல்லத் தயாராக இருந்தவர். அப்போது தம்பிக்காக வாதாடிய வழக்கறிஞர் அவரைக் கூப்பிடவே இல்லை. அவருடைய வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

அடுத்தது, கலிபோர்னியாச் சிறையின் சட்ட நூலகத்தில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர். அவரும் கைதிதான். வாக்குமூலத்தை மாநில உச்ச நீதிமன்றம் வரை முதலில் கொண்டுபோ, அங்கே வைக்காததைப் பெடரலில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். மாநில உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்தக் காகிதம் பதிவில் ஏறிவிட்டது. இன்றைக்கு வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. கைதிக்குக் கைதி சட்ட உதவி செய்வதைச் சிறை சும்மா தடுக்கக் கூடாது என்று 1969-இல் ஜான்சன் எதிர் ஏவரி வழக்கில் தீர்ப்பு வந்தது. அது இல்லையென்றால் அந்தப் பெரியவர் தம்பிக்குக் கிடைத்திருப்பாரா?

அப்புறம், பெயர்கூடத் தெரியாத ஒரு சிறை அலுவலர். பெடரல் மனுவுக்குக் கெடு ஓராண்டு. எங்கள் மனுவில் நீதிமன்ற முத்திரை விழுந்தது கெடு முடிந்த பிறகு. தள்ளுபடி செய்யுங்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. ஆனால் கைதி உறையைச் சிறை அலுவலரிடம் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள். 1988-இல் ஹூஸ்டன் எதிர் லாக் தீர்ப்பில் பிறந்த விதி இது. அஞ்சல் பதிவேட்டில் அவர் தேதியைப் போட்டு, பக்கத்தில் தம்பியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். தன் வேலையை ஒழுங்காகச் செய்த அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பெடரல் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திலிருந்து வந்த வழக்கறிஞர் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. எங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. தம்பி பென்சிலால் எழுதிய மனுவை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் முதல் தடவை அவனைப் பார்க்கப் போனார்.

விசாரணைப் பதிவுகளை நகலெடுக்கப் பணம் போட்டவர்களே, எங்கள் அம்மாவைச் சிறைக்குக் காரில் கூட்டிப்போய் வந்தவர்களே, உங்களை அம்மா தனித்தனியாக விசாரித்தார். இன்னும் வழி இருக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரலாம். தேதி குறித்ததும் சொல்கிறேன். முடிந்தவர்கள் வந்து பின்வரிசையில் உட்காருங்கள். தம்பி திரும்பிப் பார்த்தால் நம் முகங்கள் தெரியட்டும்.

அன்புடன்,
அவன் அக்கா