பொருள்: மீன்தொட்டிப் பராமரிப்பு என்ற பெயரில் உங்கள் ஆட்கள் செய்த நாசம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப், வாட்ஸ்அப், டோல் ஃப்ரீ எண், ஈமெயில் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற மெசேஜ் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. எது தீர்ந்தது? என் மீன்கள்தான் தீர்ந்தன.

உங்கள் ஆண்டுத் திட்டத்தில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரெகுலர் விசிட்டுக்குத்தான் டெக்னீஷியன் தம்பி வந்தார். வந்தவர் மூன்றடித் தொட்டியின் தண்ணீரை அடியோடு வடித்துவிட்டு, மீன்களை நான் துணி ஊறவைக்கும் வாளியில் போட்டார். சோப்பு வாடை அடிக்கும் வாளி அது! அப்புறம் ஃபில்டரைப் பிரித்து, ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் பாத்ரூம் குழாயில் காட்டித் தேய் தேயென்று தேய்த்தார். "எப்படி வெள்ளையா இருக்கு பாருங்கக்கா" என்று பெருமை வேறு.

சார், அந்த வளையங்களில் இருந்த பழுப்பு வழவழப்பு வெறும் அழுக்கில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். வடித்தெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசித் திரும்ப வைத்திருந்தால் போதும். குழாய்த் தண்ணீரின் குளோரினில் அது அழிந்துபோனால் மறுபடி உருவாக வாரக்கணக்கில் ஆகும். தண்ணீரையும் ஒரு தடவைக்கு 25 சதவீதம் மாற்றினால் போதும் என்று உங்கள் ஆப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆப்பை நீங்கள் படிப்பதில்லையா?

நான் உங்கள் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கு வந்த கதையைக் கேளுங்கள். தண்ணீர் சாம்பிள் கொண்டுவந்தால் டெஸ்ட் செய்து தருவோம் என்று போனில் சொன்னது உங்கள் ஆள். அதை நம்பி, தொட்டித் தண்ணீரை ஒரு பிஸ்லெரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு அல்சூரிலிருந்து வந்தேன். முன் அனுமதி இல்லை என்று செக்யூரிட்டி உட்காரக்கூட விடவில்லை. கடைசியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்தார். பாட்டிலை வாங்கி ரிசப்ஷன் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நல்ல தமிழிலேயே சொன்னார்: "செத்தது மீன்தானே மேடம்? சிவாஜிநகர்ல கிடைக்குமே, வாங்கி விட்டுக்கோங்க."

மீன்தானே! அந்த மீனைக் காட்டித்தானே ஐயா என்னிடம் வருஷப் பணத்தை முன்கூட்டியே வாங்கினீர்கள்? அந்த பாட்டில் இன்னும் அங்கேதான் இருக்கும். யாராவது குடித்துத் தொலைக்கப் போகிறார்கள்.

கோபத்தில் பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த டெக்னீஷியன் தம்பி புதுத் தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து தொட்டியில் விட்டார். காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆன்டி-குளோரின் பாட்டில் அவர் பையிலேயே இருந்தது, மூடியைத் திறக்கவில்லை. போகும்போது ஹீட்டரையும் போடவில்லை. டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருக்கும்? ஏஞ்சல் மீனுக்கு 26 டிகிரி வாக்கில் வேண்டும். ராத்திரியே ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின, செவுள் சிவந்திருந்தது. விடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் ஜோடி அது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் அந்த ஜோடி எனக்குத் திரும்ப வராது. மிச்சம் ஒரு ப்ளெக்கோ மீனும் சில டெட்ரா மீன்களும்தான்.

தயவுசெய்து அந்தத் தம்பியை வேலையை விட்டு நிறுத்திவிட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியது உங்கள் தப்பு. நான் கேட்பது, மீதி மாதங்களுக்கான பணம், செத்த மீன்களின் விலை, அந்த அடையாள அட்டைக்காரரின் எழுத்துபூர்வமான மன்னிப்பு. மன்னிப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதினைந்து நாள் பொறுப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. டெக்னீஷியன் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் சீட்டும், தொட்டியின் போட்டோக்களும் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக வைக்கமாட்டீர்கள் என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

போனில் கூப்பிட வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுத் திட்ட வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பி.கு.: திட்டத்தைப் புதுப்பித்தால் தள்ளுபடி உண்டு என்று இன்று காலையும் மெசேஜ் வந்தது. முதலில் அதை நிறுத்துங்கள்.