காட்டுக்கோழி இறகு வேண்டாமே

ஆசிரியருக்கு,

நீலகிரி ட்ரவுட் மீன் பற்றிய ஞாயிறு கட்டுரையில், 1907இல் அவலாஞ்சியில் வில்சன் என்பவர் தொடங்கிய மீன்குஞ்சு பொரிப்பகத்தை நினைவுகூர்ந்தது நன்று. ஆனால் தூண்டிலுக்குப் பொய் ஈ (மீனை ஏமாற்ற முள்ளில் இறகு சுற்றிச் செய்யும் ஈ) கட்ட, காட்டுக்கோழியின் கழுத்து இறகுதான் உசத்தி என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பறவை. அதைத் தேடிப் போக அவசியமும் இல்லை.

கறிக்கடையில் கேட்டால் நாட்டுச் சேவலின் கழுத்து இறகைச் சும்மாவே கொடுப்பார்கள். 14ஆம் எண் தூண்டில் முள்ளை இடுக்கியில் பிடித்து, மெழுகு தடவிய நூலைச் சுற்றி, அதன்மேல் இறகை நெருக்கிச் சுற்றினால் இழைகள் சிலிர்த்து நிற்கும். சேவல் இறகு விறைப்பானது, தண்ணீர்மேல் மிதக்கும். பெட்டை இறகு நனைந்து அமிழும். அடியில் மேயும் மீனுக்கு அதுதான் சரி. அப்புறம் முடிச்சின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். மகளுடையது (அவளுக்குத் தெரியாது).

கடையில் வாங்கிய ஈயில் மீன் சிக்கினாலும் சந்தோஷம்தான். ஆனால் நம் கையால் கட்டியதை நிஜமென்று நம்பி ஒரு ட்ரவுட் மேலே வந்து கவ்வுகிறதே, அந்தத் திமிர் சில நாளைக்கு இறங்காது. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு வாசகர், குன்னூர்